நின்றது உங்கள் ஆப்பில் மட்டும்தான், ஜீப் ஓடிக்கொண்டிருந்தது

பெறுநர்: வாடிக்கையாளர் குறைதீர்ப்பு அதிகாரி
பொருள்: பழைய டீசல் ஜீப்பில் வேலையே செய்யாத 'என்ஜின் கட்' கருவியை விற்றது, பணத்தைத் திருப்பிக் கேட்பது

வணக்கம் சார்,

கஸ்டமர் கேரில் பேசிப் பேசி அலுத்துவிட்டது, அதனால் எழுத்தில் தருகிறேன். உங்கள் ஜி.பி.எஸ். டிராக்கரை என்ஜின் கட் ரிலேயோடு (ஆப்பில் அழுத்தினால் ஒயரில் கரண்டை அறுக்கிற சுவிட்ச்) சேர்த்து உங்கள் இணையதளத்தில் 7,499 ரூபாய்க்கு வாங்கினேன். வீட்டுக்கு வந்து மாட்டியது உங்கள் ஆள், அதற்குத் தனியாக 800 ரூபாய். வண்டி 1987 மகிந்திரா எம்.எம். 540, நாலு சக்கரமும் இழுக்கிற ஜீப், பெஜோ டீசல் என்ஜின். இதெல்லாம் ஆர்டர் படிவத்திலேயே இருக்கிறது, எரிபொருள் என்ற இடத்தில் டீசல் என்று டிக் அடித்திருக்கிறேன், பார்த்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் ராத்திரி இரண்டு மணிக்கு மேல், கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் தெருவில் நின்றிருந்த ஜீப்பைச் சத்தமில்லாமல் முனை வரைக்கும் தள்ளிக்கொண்டு போய், அங்கே வைத்து ஸ்டார்ட் செய்து ஓட்டிப் போய்விட்டார்கள். வண்டி நகர்ந்ததும் ஆப்பில் அலாரம் அடித்தது, அதில் குறை சொல்ல மாட்டேன். எழுந்து 'என்ஜினை நிறுத்து' பட்டனை அழுத்தினேன். பச்சை டிக்கோடு 'என்ஜின் வெற்றிகரமாக நிறுத்தப்பட்டது' என்று வந்தது. அதே திரையில், அதற்கு நேர் கீழே, வேகம் மணிக்கு 34 கிலோமீட்டர் என்று காட்டிக்கொண்டிருந்தது. ஸ்கிரீன்ஷாட் இணைத்திருக்கிறேன். நின்றுபோன என்ஜினை வைத்துக்கொண்டு 34-ல் எப்படிப் போகும் என்று இதுவரைக்கும் உங்கள் ஆட்கள் யாரும் எனக்கு விளக்கவில்லை.

நானே சொல்கிறேன். பெட்ரோல் வண்டியில் இக்னிஷன் காயிலுக்குப் போகிற கரண்டை அறுத்தால் ஸ்பார்க் வராது, வண்டி நின்றுவிடும். டீசல் என்ஜினில் ஸ்பார்க்கே கிடையாது, காற்றை அழுத்துகிற சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்கிறது. இப்போது வருகிற டீசல் வண்டிகளில் எல்லாம் கம்ப்யூட்டர் கட்டுப்பாடு, கரண்டு போனால் டீசலும் நின்றுவிடும், அதில் உங்கள் ரிலே வேலை செய்யும்தான். என் ஜீப்பில் அந்தச் சமாச்சாரமே இல்லை. டீசல் பம்பை என்ஜினே சுற்றிக்கொள்கிறது, ஒரு தடவை ஸ்டார்ட் ஆகிவிட்டால் ஓடுவதற்குக் கரண்டு என்ற ஒன்றே வேண்டாம். சாவியை உருவி எடுத்தாலும் ஓடும். நிறுத்த வேண்டுமென்றால் டாஷ்போர்டுக்குக் கீழே இருக்கிற கேபிளைப் பிடித்து இழுக்க வேண்டும், அது பம்பில் டீசலை அடைத்து என்ஜினை நிறுத்தும். உங்கள் ஆள் சாவி ஒயரை வெட்டி நடுவில் ரிலேயை வைத்துவிட்டு, நிற்கும் வண்டியில் ஆப்பை அழுத்தி 'டக்' என்று சத்தம் வந்ததைக் காட்டி, கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். ஓடுகிற என்ஜினை ஒரு தடவை நிறுத்திக் காட்டியிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

ரிலேயால் செல்ஃப் எடுக்காது, அதனால் திருடனால் ஸ்டார்ட் செய்ய முடியாது என்று ஒரு பதில் சொன்னார்கள். இந்த ஜீப்பின் பானெட்டைத் திறக்க சாவி வேண்டாம், இரண்டு பக்கமும் கொக்கிதான். திறந்து ஸ்டார்ட்டர் மோட்டாரில் ஸ்க்ரூடிரைவரை வைத்துத் தொட்டால் செல்ஃப் எடுக்கும். இல்லையென்றால் தள்ளிவிட்டே ஸ்டார்ட் செய்யலாம், அன்றைக்கு அவர்கள் செய்தது அதுதான். கதவு துணி, ஸ்டீயரிங் பூட்டு கிடையாது. இப்படிப்பட்ட வண்டி வைத்திருப்பவன்தான் உங்கள் கருவியை நம்பி வாங்குகிறான்.

ஜீப் ஏன் கிடைத்தது என்பதையும் கேளுங்கள். டேங்கில் இருந்து வருகிற டீசல் லைனில், வெளியே தெரியாத இடத்தில், எங்கள் மெக்கானிக் அண்ணன் பல வருஷத்துக்கு முன்னால் ஒரு பித்தளை வால்வு போட்டு வைத்திருந்தார். அதை மூடிவிட்டுத்தான் தூங்கப் போவேன். ஃபில்டரிலும் பம்பிலும் மிச்சம் இருந்த டீசலில் ஆல்பேட்டை பக்கம் வரைக்கும் ஓடியிருக்கிறது, செக்போஸ்ட் வருவதற்கு முன்னாலேயே இருமி இருமி நின்றுவிட்டது. லைனில் ஏர் ஏறிவிட்ட பிறகு வால்வைக் கண்டுபிடித்துத் திறந்தாலும் உடனே ஸ்டார்ட் ஆகாது, பம்ப் அடித்து ஏர் எடுக்க வேண்டும், நடுராத்திரி நடுரோட்டில் அதைச் செய்ய எவனுக்குப் பொறுமை? பேட்டரி ஒயரைக் கோபத்தில் பிடுங்கிப் போட்டுவிட்டு ஓடிவிட்டார்கள். நானும் தம்பியும் பைக்கில் போய்ச் சேர்ந்தபோது வண்டி மட்டும் ரோட்டோரம் நின்றது. பெண்ணையாற்றுப் பாலம் தாண்டி ரெட்டிச்சாவடி, முள்ளோடை என்று புதுச்சேரிக்குள் போயிருந்தால் வேறு போலீஸ், வேறு ஸ்டேஷன், யாரிடம் போய் நிற்பது? பழைய ஜீப்பைப் பிரித்துவிட்டால் முடிந்தது கதை. ஒரு ஜீப்பின் கியர்பாக்ஸும் ஆக்ஸிலும் இன்னொரு ஜீப்பில் போய் உட்கார்ந்துவிடும், அப்புறம் எது யாருடையது என்று யார் சொல்வது?

அப்பா அரசு ஏலத்தில் எடுத்த வண்டி இது. 2011 டிசம்பர் கடைசியில் தானே புயல் அடித்து, பண்ருட்டி பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடந்தபோது, பாதையே இல்லாத ஊர்களுக்குத் தண்ணீர் கேன் ஏற்றிக்கொண்டு போனது இதில்தான். உங்கள் ஆள் 'அது பழைய வண்டிதானே சார்' என்று போனில் சொன்னதால் இதை எழுதுகிறேன், வேறு காரணம் இல்லை.

இன்சூரன்ஸ் விஷயமும் ஒன்று இருக்கிறது. கருவி மாட்டினால் பிரீமியத்தில் தள்ளுபடி என்று விற்கும்போது சொன்னீர்கள். விசாரித்தால், ஏ.ஆர்.ஏ.ஐ. என்கிற இந்திய வாகன ஆராய்ச்சி அமைப்பின் அங்கீகாரம் பெற்ற திருட்டுத் தடுப்புக் கருவிக்குச் சொந்தச் சேதப் பிரீமியத்தில் 2.5 சதவீதம், அதிகபட்சம் 500 ரூபாய் என்பதுதான் கணக்கு. என்னிடம் இருப்பது தேர்ட் பார்ட்டி பாலிசி, அதில் இந்தத் தள்ளுபடியும் கிடையாது, வண்டி திருடு போனால் பைசாவும் வராது. உங்கள் கருவிக்கு அங்கீகாரச் சான்றிதழ் இருந்தால் காட்டுங்கள் என்று கேட்டேன், அதற்கும் பதில் இல்லை.

புகார் கொடுத்ததும் முதலில் நெட்வொர்க் பிரச்சினை என்றீர்கள். நெட்வொர்க் இல்லையென்றால் பச்சை டிக் எப்படி வந்தது? அப்புறம் வேகம் குறைந்தால்தான் கட் ஆகும், பாதுகாப்புக்காக அப்படி வைத்திருக்கிறோம் என்றீர்கள். சரி, அப்படியென்றால் 'நிறுத்தப்பட்டது' என்று ஏன் காட்ட வேண்டும், 'வேகம் குறையக் காத்திருக்கிறது' என்று காட்டலாமே. கடைசியில் வெளியாள் ஒயரில் கை வைத்திருக்கிறார் என்று என் மெக்கானிக் மேல் பழி போட்டீர்கள். திருட்டுக்கு முன்னால் உங்கள் ஒயரை அவர் தொட்டதே இல்லை. அதற்குப் பிறகு அவர் எடுத்த வீடியோவையும் அனுப்புகிறேன்: சாவி வெளியே, உங்கள் ரிலேயைக் கழற்றிக் கையில் பிடித்திருக்கிறார், என்ஜின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. உங்கள் டெக்னிக்கல் டீம் உட்கார்ந்து பார்க்கட்டும். உங்கள் ஆப்புக்குத் தெரிவது ரிலே தட்டியதா இல்லையா என்பது மட்டும்தான், என்ஜினைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. ஆனால் வேகம் தெரிகிறதே! வேகம் ஓடும்போது 'நின்றுவிட்டது' என்று எழுதாமல் இருக்கவாவது செய்யலாம். அந்த டிக்கை நம்பி யாராவது போனை வைத்துவிட்டுப் படுத்தால் வண்டி போனது போனதுதான்.

எனக்கு வேண்டியது இது. கருவிக்கும் ஃபிட்டிங்குக்கும் கொடுத்த 8,299 ரூபாய் முழுவதும் திரும்ப வர வேண்டும், அடுத்த வாங்கலுக்குக் கூப்பன் தருகிறேன் என்ற பேச்செல்லாம் வேண்டாம். அன்றைய ராத்திரியின் முழு பதிவு, நேரமும் இடமும் வேகமும் நான் கொடுத்த கட்டளையும் அதற்கு வந்த பதிலும் சேர்த்து, உங்கள் கையெழுத்தோடு வேண்டும். ஸ்டேஷனில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு போலீஸ் தரும் ரசீது) வாங்கியிருக்கிறேன், அங்கே இதைக் கேட்கிறார்கள், நீங்களோ கம்பெனி பாலிசி என்று மறுக்கிறீர்கள். இணையதளத்தில் 'எல்லா வண்டிகளுக்கும் ஏற்றது' என்று போட்டிருப்பதை எடுங்கள். பழைய டீசல் வண்டிக்கு விற்றே ஆக வேண்டுமென்றால் டீசல் லைனில் சோலினாய்டு வால்வு (கரண்டால் திறந்து மூடுகிற வால்வு) வையுங்கள், அல்லது அந்த நிறுத்துகிற கேபிளை இழுக்க ஒரு மோட்டார் வையுங்கள், இரண்டும் செய்ய முடிகிற வேலைதான். இதே ரிலேயை ஏற்கெனவே பழைய டீசல் ஜீப்புகளில் மாட்டியிருந்தால் அவர்களுக்கு இன்றைக்கே தகவல் சொல்லுங்கள்.

2020 மின்வணிக விதிப்படி 48 மணி நேரத்துக்குள் இந்தப் புகார் கிடைத்ததாக நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். இல்லையென்றால் முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதிவு செய்வேன், அடுத்தது கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் வரைக்கும் கட்டணமும் இல்லை, அதனால் உங்கள் அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும் எனக்குச் சிரமம் கிடையாது.

பதில் ஈமெயிலில் மட்டும் வரட்டும், போனில் வேண்டாம். கருவியைக் கழற்றிப் பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன். எடுத்துப் போக கூரியர் ஆளை அனுப்பலாம், பணம் வந்த பிறகு.

இப்படிக்கு,
மஞ்சக்குப்பம், கடலூரிலிருந்து உங்கள் வாடிக்கையாளர்
(இணைப்பு: ரசீது, ஆர்டர் படிவம், ஸ்கிரீன்ஷாட், வீடியோ, சி.எஸ்.ஆர். நகல்)