இரண்டாம் பருவம்: சில வார்த்தைகள், அப்புறம் அந்த டிவி விஷயம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். இரண்டாம் பருவம் முடிந்துவிட்டது. விளையாட்டு விழா நல்லபடியாக நடந்தது, அறிவியல் கண்காட்சிக்குப் பிள்ளைகள் நன்றாக உழைத்தார்கள், நூலகத்தில் புத்தகம் எடுப்பவர்கள் கூடியிருக்கிறார்கள், தேர்வுத் தாள்கள் திங்கட்கிழமை வீட்டுக்கு வரும். எல்லோருக்கும் வாழ்த்துகள்.

சரி, இனி வகுப்பறை டிவி விஷயம். உண்மையைச் சொன்னால் இந்தக் கடிதமே அதற்காகத்தான்.

6ஆம் வகுப்பிலிருந்து மேலே படிக்கும் பிள்ளைகள் ப்ராஜெக்ட்டை வீட்டு லேப்டாப்பில் செய்து கொண்டுவந்து வகுப்பு டிவியில் காட்டலாம் என்று பருவத் தொடக்கத்தில் சொல்லியிருந்தோம். ஒவ்வொரு டிவிக்குப் பின்னாலும் ஒரு குரோம்காஸ்ட் செருகியிருக்கிறது, வயர் இல்லாமலே லேப்டாப் திரை டிவியில் தெரியும். நல்ல யோசனை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் 40 நிமிட வகுப்பில் முதல் 15 நிமிடம் "டிவி பேரே காட்டலை மிஸ்" என்பதிலேயே போய்விடுகிறது.

இதில் பாதிச் சிக்கல் ஒரு சின்னக் குழப்பத்தால் வருவது. விண்டோஸ் லேப்டாப்பில் விண்டோஸ் பட்டனையும் கே எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் ஒரு தேடல் வரும், பிள்ளைகள் அதைத்தான் அழுத்திவிட்டுக் காத்திருக்கிறார்கள். அது மிராகாஸ்ட் என்ற வேறு முறையில் இயங்கும் கருவிகளைத் தேடுவது. வீட்டில் ரோக்கு (டிவியில் செருகும் வேறொரு நிறுவனத்தின் கருவி) வைத்திருப்பவர்களுக்கு அது வேலை செய்யும், எங்கள் குரோம்காஸ்ட்டுக்கு அந்த முறை தெரியாது, சாயங்காலம் வரை காத்திருந்தாலும் பட்டியலில் வராது. இங்கே குரோம் பிரவுசரைத் திறந்து, மேலே வலது மூலையில் இருக்கும் மூன்று புள்ளிகளைத் தொட்டு, அதற்குள் இருக்கும் 'காஸ்ட்' வழியாகத்தான் போக வேண்டும். லேப்டாப்பும் டிவியும் ஒரே வைஃபையில் இருக்க வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும். ஆனால் அப்பாவின் அலுவலக லேப்டாப்பை அவசரத்துக்கு எடுத்து வந்து, அதில் விபிஎன் (லேப்டாப்பை அலுவலக நெட்வொர்க்கோடு தனி வழியில் இணைக்கும் மென்பொருள்) ஓடிக்கொண்டிருந்தால், ஒரே வைஃபை என்றாலும் பெரும்பாலும் டிவி கண்ணிலேயே படாது. (அலுவலக லேப்டாப்பைப் பள்ளிக்கு அனுப்புவது சரிதானா என்பதை உங்கள் அலுவலகம்தான் சொல்ல வேண்டும்.) ஆப்பிள் மேக் வைத்திருப்பவர்கள், திரையைப் பதிவுசெய்ய குரோமுக்கு அனுமதி உண்டா என்று வீட்டிலேயே பார்த்துவிடுங்கள், அனுமதி கொடுத்ததும் பிரவுசரை ஒருமுறை மூடித் திறக்க வேண்டியிருக்கும்.

இரண்டாவது விஷயம் கொஞ்சம் சங்கடமானது. 'காஸ்ட்' பட்டியலில் ஒரு டேப்பை, அதாவது பிரவுசரில் திறந்திருக்கும் ஒரு பக்கத்தை மட்டும் அனுப்பலாம், முழுத் திரையையும் அனுப்பலாம். பிள்ளைகள் யோசிக்காமல் முழுத் திரையை அனுப்பிவிடுகிறார்கள். ஒரு மாணவி தாவரச் செல்லைப் பற்றி அழகாகப் பேசிக்கொண்டிருக்கும்போது, திரையின் மூலையில் அவள் குடும்பக் குழுவின் செய்தி ஒன்று எட்டிப் பார்த்தது. என்ன செய்தி என்று எழுதமாட்டேன். ஒரு வகுப்பே எவ்வளவு வேகமாக வாசிக்கும் என்பது எங்களுக்கு அன்றுதான் தெரிந்தது. தயவுசெய்து டேப்பை மட்டும் அனுப்பப் பழக்குங்கள், அறிவிப்புகளை அணைத்துவிட்டு லேப்டாப்பைக் கொடுத்தனுப்புங்கள்.

மூன்றாவதை நேராகவே சொல்லிவிடுகிறேன். கண்காட்சி அன்று உங்கள் வசதிக்காக வைஃபை பாஸ்வேர்டைப் பலகையில் எழுதி வைத்திருந்தோம். அதற்குப் பிறகு, சாயங்காலம் பிள்ளைகளை அழைத்துப்போக வெளியே காத்திருக்கும் யாரோ தங்கள் போனில் ஓடிய வீடியோவை வகுப்பு டிவிக்கு அனுப்பியிருக்கிறார்கள், அதுவும் கணிதத் தேர்வு நடக்கும்போது. போனிலிருந்து இப்படி அனுப்பினால் போன் வீடியோவின் முகவரியை மட்டும்தான் கொடுக்கிறது, டிவிக்குப் பின்னால் இருக்கும் கருவி இணையத்திலிருந்து நேராக எடுத்து ஓட்டிக்கொள்ளும். அதனால் அவர் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டாலும் வீடியோ பாட்டுக்கு ஓடும், ஆசிரியை டிவி ஸ்விட்சையே அணைக்க வேண்டியிருந்தது. ஒருமுறை என்றால் கை தவறிப் பட்டுவிட்டது என்று விட்டிருப்பேன். ஒரே வாரத்தில் மூன்று முறை நடந்ததை அப்படி விட முடியாது. பாஸ்வேர்டை மாற்றிவிட்டோம். இனி அது மாணவர்களுக்கும் இல்லை, பெற்றோர்களுக்கும் இல்லை, லேப்டாப்பை ஆசிரியரே இணைத்துக் கொடுப்பார். மறுபடியும் நடந்தால் வீட்டு லேப்டாப் கொண்டுவரும் அனுமதியையே நிறுத்திவிடுவோம். பிள்ளைகளுக்கு அது நியாயமில்லை என்று எனக்கும் தெரியும், அதனால்தான் முன்கூட்டியே சொல்கிறேன்.

உங்களில் பெரும்பாலானவர்களுக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்பதும் தெரியும். வீட்டில் இப்படி ஒரு கருவி இருந்தால் ப்ராஜெக்ட்டுக்கு முதல்நாள் ஒருமுறை பிள்ளையோடு உட்கார்ந்து ஓட்டிப் பாருங்கள், லேப்டாப்பை முழுதாகச் சார்ஜ் செய்து அனுப்புங்கள், திரையைப் படமாக்கி அனுப்பிக்கொண்டே இருப்பதில் பேட்டரி சீக்கிரம் இறங்கிவிடும். கருவி இல்லையென்றால் இதற்காக எதையும் வாங்க வேண்டாம். பென் டிரைவில் கொடுத்தால் போதும், வகுப்புக் கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டலாம், மதிப்பெண்ணில் ஒரு வித்தியாசமும் இருக்காது.

ஒரு சனிக்கிழமை முழுக்க வந்திருந்து எல்லாக் கருவிகளுக்கும் வகுப்பின் பெயரையே வைத்துக்கொடுத்த அந்த அப்பாவுக்கு எங்கள் நன்றி. அதற்கு முன்பு எல்லாமே ஏறக்குறைய ஒரே பெயரில் இருந்து, 7ஆம் வகுப்பின் எரிமலை 8ஆம் வகுப்பு டிவியில் வெடித்துக்கொண்டிருந்தது. வீட்டில் பொறுமையாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் உங்கள் எல்லோருக்கும் நன்றி.

கண்காட்சி அன்று யாரோ விட்டுப்போன, லேப்டாப்பை டிவியோடு இணைக்கும் எச்டிஎம்ஐ வயர் ஒன்று அலுவலகத்தில் இருக்கிறது. உங்களுடையது என்றால் வந்து வாங்கிக்கொள்ளுங்கள், அவசரமில்லை, இரண்டு முறை எங்களுக்கே உதவியிருக்கிறது.

அன்புடன்,
தலைமையாசிரியர்