ஹச்சிகோவின் மடிந்த காது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

டோக்கியோவின் ஷிபுயா ரயில் நிலையத்து நாய் ஹச்சிகோ பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். அதை வளர்த்த பேராசிரியர் உயேனோ 1925 மே மாதம் இறந்தபிறகும் ஒன்பது வருஷத்துக்கு மேல் அது நிலைய வாசலில் காத்துக் கிடந்த இடம் வந்ததும் பேத்தி அழுதுவிட்டாள். கட்டுரையில் ஒரு பிழை இருக்கிறது. இப்போது அங்கே இருக்கும் சிலையின் திறப்பு விழாவுக்கு ஹச்சிகோவே வந்திருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அது வந்திருந்த விழா நடந்தது 1934 ஏப்ரலில். அந்தச் சிலை இன்று இல்லை.

அதைச் செய்தவர் டெரு ஆண்டோ என்ற சிற்பி. ஹச்சிகோவைத் தன் பட்டறைக்கே வரவழைத்து, நேரில் பார்த்துச் செய்தார். 1935 மார்ச்சில் நாய் இறந்தது. அப்புறம் போர் வந்தது. உலோகம் போதவில்லை என்று ஊரில் இருந்த வெண்கலத்தையெல்லாம் அரசாங்கம் திரட்டியபோது ஹச்சிகோவையும் பீடத்திலிருந்து இறக்கி, கொண்டுபோய் உருக்கிவிட்டார்கள். 1945 மே மாதம் டோக்கியோவில் குண்டு விழுந்ததில் டெரு ஆண்டோவும் போய்ச் சேர்ந்தார். சிலையும் இல்லை, செய்த கையும் இல்லை.

இன்று நாம் பார்ப்பது அவருடைய மகன் டகேஷி ஆண்டோ செய்தது. 1948 ஆகஸ்டில் திறந்தார்கள். போர் முடிந்து மூன்றே வருஷம், சாப்பாட்டுக்கே திண்டாடிக்கொண்டிருந்த ஊர். அப்பா ஹச்சிகோவை வைத்துச் சிலை செய்த நாட்களில் அவர் சின்னப் பையன். அந்த நாயை வீட்டில் பார்த்துப் பழகியவர். அப்பா செய்து, அழிந்துபோன ஒன்றை மகன் திரும்பச் செய்வதென்றால் மண்ணைப் பிசையும்போது அந்தக் கைகளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன் டோக்கியோவில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது அந்தச் சிலையைப் பார்த்தேன். போட்டோ எடுக்க வரிசை கட்டி நிற்கிறார்கள். முன்னங்கால்கள் ஜனங்களின் கை பட்டுப் பட்டு மினுமினுக்கின்றன. நானும் தொட்டேன், சில்லென்று இருந்தது. நிமிர்ந்து முகத்தைப் பார்த்தபோதுதான் காது கண்ணில் பட்டது. ஹச்சிகோ அகிதா இனம்; அகிதா நாய்க்கு இரண்டு காதும் விடைத்து நிற்பதுதான் அழகு. இந்தச் சிலையில் வலது காது நிற்கிறது, இடது காது மடிந்து தொங்குகிறது. கிழடு தட்டிய ஹச்சிகோவுக்கு உண்மையிலேயே அப்படித்தான் தொங்கியது.

மறுநாள் டோக்கியோவிலேயே உயேனோ என்ற பகுதியில் இருக்கும் தேசிய அறிவியல் அருங்காட்சியகத்துக்கு மகள் கூட்டிக்கொண்டு போனாள். ஹச்சிகோவின் உடலைப் பாடம் செய்து அங்கே கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். அதில் இரண்டு காதும் நேராக நிற்கின்றன! பாடம் செய்தவர்கள் அந்தக் குறையைச் சரிசெய்துவிட்டார்கள். அதன் சொந்தத் தோலில் இல்லாத ஹச்சிகோ வெண்கலத்தில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. வருஷக்கணக்காக வாசலில் கிடந்த நாய் கம்பீரமாக இருக்கத் தேவையில்லை என்று ஒரு சிற்பிக்குத் தெரிந்திருக்கிறது. அவர் மகனுக்கும் தெரிந்திருக்கிறது.

டெரு ஆண்டோவின் வேறொரு பெரிய வேலை, 1937-இல் அவர் செய்த சாமுராய்த் தளபதி சைகோ தகாமோரியின் சிலை, அவருடைய சொந்த ஊரான ககோஷிமாவில் இன்றும் நிற்கிறது. தளபதியின் சிலை தப்பித்தது, நாயின் சிலை தப்பவில்லை.

அதனால் ஒரு வேண்டுகோள். பிழையை அடுத்த இதழில் திருத்தி, சிலையின் படத்தைப் போடுங்கள். படத்துக்குக் கீழே அப்பா, மகன் இரண்டு பேர் பெயரையும் சேர்த்தே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி,
திருச்சி