எதிரி வேஷம் கட்டும் விமானங்கள்

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. வலது கண் ஆபரேஷனும் நல்லபடியாக முடிந்ததில் எனக்கு நிம்மதி. சொட்டு மருந்தை நேரத்துக்குப் போடு, தங்கச்சி சொல்வதைக் கேள். இங்கே எல்லாரும் சுகம். சின்னவளுக்குக் கோவைக்கே மாற்றல் கிடைத்துவிட்டது, அதனால் வீட்டில் மறுபடியும் ஆள் சத்தம். என் மூட்டுவலி அப்படியேதான் இருக்கிறது, அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

சரி, உன் பேரன் விஷயத்துக்கு வருகிறேன். ‘டாப் கன்’ படத்தில் வரும் அந்தக் கறுப்பு மிக்-28 எந்த நாட்டு விமானம் என்று அவன் கேட்டானாம், நீ என் பக்கம் தள்ளிவிட்டிருக்கிறாய். காலமெல்லாம் விமானப்படையில் என்ஜின் ஃபிட்டராக இருந்தவன் நீயும்தானே! அப்படி ஒரு விமானமே கிடையாது. 15, 17, 19, 21, 23, 25, 27, 29, 31 என்று படையில் சேர்ந்த சோவியத் மிக் ஜெட்டுகள் எல்லாம் ஒற்றைப்படை எண்ணில்தான் போகும். 28 என்றதுமே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். படத்தில் பறந்தது அமெரிக்காவின் சொந்த எஃப்-5, கறுப்பு பெயிண்ட் அடித்து. 1986-இல் நிஜ மிக்கைப் படப்பிடிப்புக்கு யார் கொடுப்பார்கள்? எஃப்-5 சின்ன உடம்பு, சுறுசுறுப்பு, மிக்-21 போலப் பறந்து காட்டத் தோதானது. அதனால் அமெரிக்கக் கடற்படையின் பயிற்சிப் பள்ளியில் எதிரியாக நடித்துத் தன் ஆட்களைச் சண்டைக்குப் பழக்குவதே அதன் அன்றாட வேலை. நம்ம நம்பியார் மாதிரி என்று வைத்துக்கொள். திரையில் வில்லன், வீட்டில் சபரிமலை குருசாமி.

இப்படி எதிரியாக நடித்த விமானங்களைக் கவனிப்பதுதான் ஓய்வுபெற்ற பிறகு என் பொழுதுபோக்கு. அதில் எனக்கு ரொம்பப் பிடித்த நடிகன் ஒருவன் உண்டு, அவனைப் பற்றி நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்.

1940-இல் லண்டன் வானத்தில் நடந்த சண்டையை ‘பேட்டில் ஆஃப் பிரிட்டன்’ என்று 1969-இல் படமாக எடுத்தார்கள். பிரிட்டிஷ் போர்விமானமான ஸ்பிட்ஃபயர் ஒருவழியாகத் தேறிவிட்டது. எதிரியான ஜெர்மானிய மெஸ்ஸர்ஷ்மிட் 109-க்கு எங்கே போவது? ஸ்பெயினுக்குப் போனார்கள். போர்க்காலத்தில் 109-ஐ உரிமம் வாங்கித் தன் நாட்டில் கட்டத் தொடங்கியிருந்தது ஸ்பெயின். உடம்பு தயார், ஜெர்மனியிலிருந்து வரவேண்டிய என்ஜின் வந்து சேரவில்லை. வேறு ஒரு என்ஜினை வைத்துப் பார்த்து, கடைசியில் அதில் ஏற்றியது எதைத் தெரியுமா? ரோல்ஸ்-ராய்ஸ் மெர்லின்! ஸ்பிட்ஃபயரைத் தூக்கிய அதே மெர்லின். அதற்கு புச்சோன் என்று பேர். கூடவே ஹைங்கெல் குண்டுவீச்சு விமானமாக நடித்ததும் ஸ்பெயினில் கட்டியதுதான், அதிலும் மெர்லின்தான். ஆக, படம் முழுக்க மெர்லின் மெர்லினைத் துரத்திச் சுடுகிறது. கொடுமை என்னவென்றால், 1935-இல் 109-இன் முதல் மாதிரி பறந்ததும் ரோல்ஸ்-ராய்ஸ் என்ஜினில்தான். பிரிட்டிஷ் என்ஜினோடு பிறந்து பிரிட்டிஷ் என்ஜினோடே ரிட்டயர் ஆனது அந்த ஜெர்மன் குடும்பம்.

அடுத்த முறை அந்தப் படத்தைப் போட்டால் மூக்கை மட்டும் பார். உனக்கும் எனக்கும்தான் அது கண்ணில் படும். அசல் 109-இல் என்ஜின் தலைகீழாக, சிலிண்டர்கள் கீழ்நோக்கித் தொங்கும்படி இருக்கும். அதனால் எக்ஸாஸ்ட் குழாய் வரிசை மூக்கின் கீழ்ப்பக்கம் வரும். மெர்லின் நிமிர்ந்து உட்காரும் என்ஜின், குழாய் வரிசை மேலே ஏறிவிடும், தாடை வீங்கித் தெரியும். பெயிண்ட் எதையும் மறைக்கும், இதை மறைக்காது. நோலன் எடுத்த ‘டன்கிர்க்’கிலும் (2017) இதே புச்சோன்தான் எதிரி. அங்கே மூக்குக்கு மஞ்சள் அடித்திருக்கிறார்கள். நிஜத்தில் ஜெர்மானியர் மஞ்சள் மூக்குக்கு மாறியது டன்கிர்க் கடற்கரையிலிருந்து படைகளை மீட்டு முடிந்த பிறகு. யார் எந்தக் கட்சி என்று ஜனங்களுக்குப் புரியட்டும் என்று இயக்குநர் தெரிந்தே செய்ததுதான், எனக்கு அதில் குறையில்லை.

மற்றவர்கள் சில்லறை வேஷக்காரர்கள். ‘டோரா! டோரா! டோரா!’வில் ஜப்பானிய ஜீரோ போர்விமானமாக வந்தது, நம் படையிலும் பயிற்சிக்கு இருந்த ஹார்வர்ட். ‘ராம்போ 3’-இல் சோவியத் ஹெலிகாப்டராக வருவது பிரெஞ்சுப் பூமா, பக்கவாட்டில் கட்டை இறக்கை ஒட்டி. நீ விழுந்து விழுந்து சிரிப்பாயே அந்த ‘ஹாட் ஷாட்ஸ்’, அதில் அமெரிக்கக் கடற்படையின் போர்விமானமாக வருவது நம்ம படையில் இருந்த குட்டி ஜெட், நாட்! 1965-இல் பாகிஸ்தானின் சேபர் ஜெட்டை அடித்துப் பேர் வாங்கியதே, அதே ரகம். ஏணி இல்லாமலே காக்பிட் ஓரத்தைத் தொட்டுவிடலாம், அத்தனை குள்ளம். அதைக் கொண்டுபோய் விமானம்தாங்கிக் கப்பலில் நிறுத்தினால் சிரிப்பு வராமல் என்ன செய்யும்?

வேஷம் வேண்டாம், அசலே வேண்டும் என்றால் அரசாங்கத்திடம் கைநீட்ட வேண்டும். அங்கேதான் எனக்கு உறுத்தல். ‘டாப் கன்’ இயக்குநர் டோனி ஸ்காட், சூரியன் பின்னால் வரும்படி கப்பலைத் திருப்பச் சொல்லிக் கேட்டாராம். செலவாகும் என்றதும் அங்கேயே 25,000 டாலருக்குச் செக் எழுதிக் கொடுத்ததாக அவரே சொல்லியிருக்கிறார். காசு போனால் போகிறது, கதையையும் அல்லவா காட்ட வேண்டும்? ‘இண்டிபெண்டன்ஸ் டே’ படத்தில் ஏரியா 51 என்ற ரகசியத் தளம் வருகிறது என்பதற்காகவே அமெரிக்கப் பாதுகாப்புத் துறையான பென்டகன் கையை விரித்துவிட்டது. வியட்நாம் போரைப் பற்றிய ‘அப்போகலிப்ஸ் நவ்’வுக்கும் உதவி இல்லை. அதன் இயக்குநர் கொப்போலா பிலிப்பைன்ஸ் அதிபர் மார்கோஸின் படையிடம் ஹெலிகாப்டர் வாடகைக்கு எடுத்தார். ஷாட் தயாராக இருக்கும்போது, தெற்கே கலகக்காரர்களோடு சண்டை என்று அவை கிளம்பிப் போய்விடுமாம். பொய்ச் சண்டையைப் பாதியில் விட்டு நிஜச் சண்டைக்கு!

இயக்குநர் குப்ரிக் ராணுவத்தின் உதவி இல்லாமலே ‘டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்லவ்’வுக்கு (1964) பி-52 குண்டுவீச்சு விமானத்தைப் பொம்மையாகவே செய்துகொண்டார். பனிப்பரப்பின் மேல் அது தாழப் பறக்கும்போது கீழே ஒரு நிழல் ஓடும், அதைப் பார். எட்டு என்ஜின் ஜெட்டின் நிழல் இல்லை அது, கேமராவைச் சுமந்துபோன பழைய பி-17-இன் நிழல். ஆனால் ராணுவத்தை அந்தப் படம் கிழித்த கிழியை இரவல் விமானத்தை வைத்துக்கொண்டு கிழித்திருக்க முடியுமா?

நம் பக்கமும் இதே கதைதான். ‘ரங் தே பசந்தி’யை 2006-இல் வெளியிடும் முன், மிக்-21 விபத்து பற்றிய படம் என்பதால், பாதுகாப்பு அமைச்சராக இருந்த பிரணாப் முகர்ஜியும் தளபதிகளும் போட்டுப் பார்த்தார்கள். வெளியே விட்டார்கள், நல்லது. ‘பார்டர்’ (1997) வேறு மாதிரி. அங்கே வேஷம் கிடையாது. 1971 டிசம்பரில் ராஜஸ்தான் எல்லையில் லோங்கேவாலாவில் பாகிஸ்தான் டாங்கிகளை அடித்த நம் ஹண்டர் விமானமே திரையிலும் ஹண்டராக வந்தது. விடியட்டும், விமானம் வரும் என்று ராத்திரி முழுக்கக் காத்திருப்பதை நீ சினிமாத்தனம் என்றாய். இல்லை, மாப்ளே. ஹண்டருக்கு இருட்டில் தாக்கும் வசதி கிடையாது, ஜெய்சல்மேரிலிருந்து வெளிச்சம் வந்த பிறகுதான் கிளம்ப முடிந்தது. பாட்டுகள் எனக்கும் கொஞ்சம் நீளம்தான். ‘காற்று வெளியிடை’ பற்றிக் கேட்டிருந்தாய். அதில் மீசை எடுத்த கார்த்தியைப் பார்த்துப் பழகுவதற்குள் படமே முடிந்துவிட்டது, விமானத்தை எங்கே கவனித்தேன்?

பேரனிடம் இன்னொன்றும் சொல். 1986-இல் ஹீரோவாகப் பறந்த எஃப்-14 டாம்கேட், 2022-இல் வந்த அடுத்த பாகத்தில் பறக்கவே இல்லை. 2006-இல் அமெரிக்கா அதை ஓய்வு கொடுத்து அனுப்பியது. மன்னர் ஷா காலத்தில் வாங்கியவற்றை ஈரான் இன்னும் வைத்திருந்ததால், உதிரிபாகம் அங்கே போய்ச் சேரக்கூடாது என்று பெரும்பாலானவற்றைத் துண்டு துண்டாக நறுக்கிவிட்டார்கள். படத்துக்கு அருங்காட்சியகத்தில் நின்ற ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். வானத்தில் தெரிவது சூப்பர் ஹார்னெட், அதன்மேல் கணினியில் டாம்கேட் உருவத்தைப் போர்த்தியிருக்கிறார்கள். அந்த ஹார்னெட்டுக்கு ஒரு மணி நேரத்துக்கு 11,374 டாலர் வாடகை. ஸ்பெயின்காரன் புச்சோனை விற்றதுபோல இவர்களும் நாலைந்தை விட்டுவைத்திருக்கலாம். காயலான் கடைக்குப் போடவும் ஒரு மனசு வேண்டும், எனக்கு அது வராது.

தை மாசம் கல்யாணத்துக்குத் தங்கச்சியோடு முதல் நாளே வந்துவிடு. டிக்கெட்டை இப்போதே போடு, பொங்கல் நெருங்கினால் கிடைக்காது. டாக்டர் டி.வி. பார்க்கலாம் என்று சொன்னதும் ஒரு வரி எழுது, எந்தப் படத்தில் முதலில் எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய பில்லட் பக்கத்துக் கட்டில்காரன்