கணக்கப்பிள்ளையின் ஆங்கில அவதாரம்

ஆசிரியர் அவர்களுக்கு,

கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை ஆவணங்களைப் பற்றிய தங்கள் கட்டுரையில், வழக்கொழிந்துபோன 'கானிகோபொலி' என்ற ஆங்கிலச் சொல், 'மோனோபொலி' என்பதைப் போலவே கிரேக்கத்திலிருந்து வந்ததாகக் குறிப்பிடப்பட்டிருந்தது. ஈற்றோசை ஒத்திருப்பதால் நேர்ந்த மயக்கம் அது. அச்சொல் நம்முடைய 'கணக்கப்பிள்ளை'தான்.

யூலும் பர்னலும் தொகுத்து 1886-இல் வெளிவந்த, இந்தியாவில் ஆங்கிலேயர் வழங்கிய சொற்களுக்கான 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதி, இதைக் கணக்கு, பிள்ளை என்று பிரித்தே பொருள் கூறுகிறது. (அங்கே 'பிள்ளை'க்குக் குழந்தை என்றும் பொருள் தரப்பட்டிருப்பதைப் பார்த்தால், நம் ஊர்க் கணக்கர்கள் சிரித்திருப்பார்கள்.) கம்பெனியாரின் வழக்கில் அது வரவு செலவு எழுதும் உள்ளூர் எழுத்தரைக் குறித்தது. ஆயினும் 1540-களில் முத்துக்குளித்துறையில் சமயப்பணி ஆற்றிய பிரான்சிஸ் சவேரியார், ஊர்தோறும் செபங்களைக் கற்பிப்பதற்கென அமர்த்திய உபதேசியார்களும் கணக்கப்பிள்ளை என்றே அழைக்கப்பட்டதால், ஐரோப்பியர் ஏடுகளில் காணப்படும் இச்சொல்லைப் பேரேட்டோடு மட்டும் பிணைத்துவிட இயலாது.

ஆங்கிலத்தில் அது மறைந்துவிட்டாலும், இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் தொழிலாளரின் வேலையை மேற்பார்க்கும் பணியாளருக்குக் கணக்கப்பிள்ளை என்ற பெயரே வழங்கிவருகிறது.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்