குடும்பத்தை மறந்தவரா என் அப்பா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிறு உங்கள் வடசென்னை இணைப்பில், பட்டாளத்தில் இருந்த என் அப்பாவின் மறைவுக்கு அரைப் பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். நன்றி. ஆனால் "குடும்பத்தை மறந்து நாட்டுக்காகவே வாழ்ந்தவர்" என்று அதில் ஒரு வரி. பாராட்டு என்று நினைத்துத்தான் எழுதியிருப்பீர்கள். காரியத்துக்கு வந்த உறவினர் ஒருவர் அதை என்னிடமே சத்தமாக வாசித்துக் காட்டினார்.

மறந்தவர் மாசம் தவறாமல் மணியார்டர் அனுப்புவாரா? எல்லையில் இருக்கும் யூனிட்டில் பெண்டாட்டி பிள்ளைகளை வைத்துக்கொள்ள முடியாது என்பது பத்திரிகைக்காரரான உங்களுக்குத் தெரியாததா? அவர் எந்த ஊரில் இருக்கிறார் என்றே அம்மாவுக்குத் தெரியாது. விலாசத்தில் 'கேர் ஆஃப் 56 ஏபிஓ' என்று ராணுவத் தபால் நிலையத்தின் எண்தான் இருக்கும். எனக்குப் பல் முளைத்ததைக்கூட அம்மா அந்த விலாசத்துக்குத்தான் எழுதிப் போட்டார். அப்பா அந்த இன்லேண்டு கடிதங்களைக் கடைசிவரை டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தார்.

"எதிரிகளைச் சுட்டு வீழ்த்தியவர்" என்றும் போட்டிருக்கிறீர்கள். உங்கள் நிருபரிடம் நான் சொன்னது வேறு. அப்பா மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையில் ஹவில்தார். 1971 டிசம்பரில் பாகிஸ்தானோடு நடந்த போரில், மேற்கு எல்லையில் ஷகர்கர் பகுதியில், பசந்தர் ஆற்றுப் பக்கம், நம் டாங்கிகள் கடந்து போகக் கண்ணிவெடிகளை அகற்றி வழி செய்தவர்களில் ஒருவர். டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்த படத்தை டிசம்பர் 16 வந்தால் போடுகிறீர்கள். மேற்கு எல்லையில் நடந்ததைப் பற்றி உங்கள் பத்திரிகையில் நான் படித்த ஞாபகமே இல்லை.

சரி, பட்டாளத்தை விட்டு வந்தபிறகாவது உட்கார்ந்து சாப்பிட்டாரா? பென்ஷன் போதாமல் மணலியில் ஒரு கம்பெனிக்கு நைட் வாட்ச்மேனாகப் போனார். எங்கள் தெருக்காரர்களுக்கு அவர் பட்டாளத்துக்காரர் என்பது தீவுத்திடல் ராணுவ கேன்டீனிலிருந்து மது பாட்டில் வாங்கித் தரச்சொல்லிக் கேட்கும்போது மட்டும்தான் நினைவுக்கு வரும். (அப்பா குடிக்க மாட்டார், அதனால் கிராக்கி அதிகம்.) ஒரு வருஷம் ஆயுள் சான்று வந்து சேரவில்லை என்று வங்கியில் பென்ஷனை நிறுத்திவிட்டார்கள். எதிரே நாற்காலியில் ஆள் உட்கார்ந்திருக்கிறார், உயிரோடு இருப்பதற்குக் காகிதம் எங்கே என்று கேட்கிறார்கள்.

அம்மா பக்கவாதத்தில் படுத்தபிறகு மலம் எடுத்தது, குளிப்பாட்டியது, தலை வாரிப் பின்னிவிட்டது எல்லாம் அவர்தான். பின்னல் கோணலாகத்தான் இருக்கும். மகள் நான் இருக்கிறேனே என்றால், "நீ போய் உன் வீட்டைப் பாரும்மா" என்பார். அப்புறம் அம்மாவை ஏற்றிய ஆம்புலன்ஸ் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் நின்றதையும் நான்தான் பார்த்தேன். அந்த கேட்டைப் பற்றி உங்களுக்கு எத்தனையோ கடிதம் போட்டிருக்கிறேன். ஒன்றும் அச்சேறவில்லை. வெட்டுக்குத்து நடந்தால் மட்டும் அன்றைக்கே எங்கள் தெரு உங்கள் முதல் பக்கத்தில் வந்துவிடுகிறது.

திருத்தம் போடுவதும் போடாததும் உங்கள் விருப்பம். பெங்களூர் ஸ்டுடியோவில் அப்பாவும் அம்மாவும் சேர்ந்து எடுத்த படத்தை உங்கள் நிருபர் வாங்கிப் போனார். அதில் அம்மாவை வெட்டிவிட்டு அச்சிட்டிருக்கிறீர்கள். எங்களிடம் வேறு பிரதி இல்லை. அசலையும் வெட்டாமல் இருந்தால், ஸ்பீடு போஸ்டில் அனுப்பி வையுங்கள். தபால் செலவை நான் கொடுத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஹவில்தாரின் மகள்,
கொருக்குப்பேட்டை, சென்னை