லைனிங் கருகுற வாசம்

பொள்ளாச்சி,
ஞாயிறு ராத்திரி

அன்புள்ள அம்மணிக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில் பேசினால் "சரிங்ப்பா, மீட்டிங் இருக்கு" என்று வைத்துவிடுவாய். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது பார்.

காலையில் உங்கம்மா "சாப்டயா கண்ணு" என்று கேட்டதற்கு அப்படிக் கத்தினாய். அவள் ஒன்றும் சொல்லவில்லை. போனை வைத்துவிட்டுக் கீரை ஆய உட்கார்ந்தாள். தண்டை ஒரு பக்கம், இலையை ஒரு பக்கம் போடுகிறவள், இன்றைக்கு எல்லாவற்றையும் ஒரே முறத்தில் போட்டுக்கொண்டிருந்தாள். அரைமணி கழித்து நீயே கூப்பிட்டு அழுதாய். என்ன கண்ணு என்றால், "ஒன்னுமில்லீங்ப்பா."

நான் 22 வருஷம் வால்பாறை வண்டி ஓட்டியவன். ஆழியாறு தாண்டினால் 40 கொண்டை ஊசி வளைவு. ஏற்றம்தான் கஷ்டம் என்று பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். டிரைவருக்கு வேலை இறக்கத்தில்தான்.

உனக்கு ஆறு வயசு இருக்கும், மூன்று நாளாகக் காய்ச்சல். லீவு கேட்டேன், கிடைக்கவில்லை. லீவு கொடுக்கிற ஆளிடம் வாய்ச்சண்டை போட்டுவிட்டு வண்டியை எடுத்தேன். மேலே போகிறவரைக்கும் மனசுக்குள் அந்த ஆளோடுதான் பேச்சு. திரும்பி இறங்கும்போதும் அதே பேச்சு. அட்டகட்டி தாண்டிக் கொஞ்ச தூரத்தில் மூக்கில் ஏறியது, பிரேக் லைனிங் கருகுற வாசம். அப்போதுதான் எனக்கே தெரிகிறது, கால் பிரேக்கை விட்டு எழவே இல்லை. ரெண்டாவது கியரில் விட வேண்டிய இறக்கத்தில் மூன்றில் வந்துகொண்டிருக்கிறேன். மிதித்தால் முன்னைப்போலப் பிடிக்கவில்லை. வண்டி நிறைய ஜனம். எப்படியோ கியரைக் குறைத்து, மலைப்பக்கமாக ஒதுக்கி நிறுத்தினேன். கண்டக்டர் குதித்து ஓடிப் பின்சக்கரத்துக்குக் கல் போட்டார். அது தானாக ஆறட்டும் என்று எல்லாரும் கீழே இறங்கி நின்றோம். கைப்பிடிச் சுவர்மேல் ஒரு வரையாடு நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. எஸ்டேட் பாட்டி ஒருத்தி, "டிரைவர் தம்பி, கை நடுங்குது பாரு, உக்காரு" என்று தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

அந்த வண்டியில் பிரேக் நன்றாகத்தான் இருந்தது. விடாமல் மிதித்த சூட்டில் பிடிக்காமல் போனது. நீ சொல்கிற "ஒன்னுமில்லீங்ப்பா" எனக்கு அந்த வாசம் மாதிரியே வருகிறது, கண்ணு.

போன மாசம் பெங்களூருக்கு வந்திருந்தபோது ஒன்று பார்த்தேன், அப்போது கேட்கவில்லை. பாப்பாவுக்கு பிஸ்கட் வாங்கக் கீழே இறங்கினேன். பார்க்கிங்கில் உன் கார் நிற்கிறது, இன்ஜின் ஓடவில்லை, உள்ளே இருட்டில் நீ உட்கார்ந்திருக்கிறாய். சில்க் போர்டு நெரிசலில் ஒன்றரை மணி நேரம் வந்தவள் மாடிக்கு ஏறாமல் பத்து நிமிஷம் அங்கேயே. மேலே வந்ததும், "டிராபிக்ங்ப்பா" என்று பொய் சொன்னாய். ஏதோ தப்புச் செய்தவள் மாதிரி முகம்.

அதில் தப்பு என்ன இருக்கிறது? வால்பாறையில் எனக்கு அடுத்த டிரிப்புக்கு முன்னால் நிறுத்தம் உண்டு. டைம் ஷீட்டிலேயே போட்டிருப்பார்கள். முகம் கழுவி, ஒரு டீ குடித்து, மலையைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த எடுப்பு. உன் வேலையில் அதை யாரும் போட்டுத் தரமாட்டார்கள். ஆபீஸ் வண்டியிலிருந்து இறங்கி அப்படியே வீட்டு வண்டியில் ஏறுகிறாய். அந்தப் பத்து நிமிஷத்தை விட்டுவிடாதே, மறைக்கவும் வேண்டாம். போனை மட்டும் பையில் போட்டுவிடு. மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக விடு. வெளியே விடும்போது நெஞ்சுத் துடிப்பு கொஞ்சம் நிதானப்படும் என்று எனக்குச் சுகர் பார்க்கிற டாக்டரம்மா சொன்னார். டென்ஷனில் சுகர் ஏறும் என்பதும் அவர் சொல்லித்தான் தெரியும். பழனி பாதயாத்திரை முடிந்த கையோடு டெஸ்ட் எடுத்தால் குறைந்து காட்டும், சொத்துத் தகராறு வாரத்தில் எகிறிவிடும். என் ரிப்போர்ட்டே சாட்சி.

சாயங்காலம் ஆறு மணிக் காபியை நிறுத்து. பாதிச் சத்து அடங்கவே நாலைந்து மணி நேரம் ஆகுமாம். அப்புறம் பதினொன்றுக்குப் படுத்துத் தூக்கம் வரவில்லை என்றால் எப்படி வரும்? மாசம் ஒருதரம் கூர்க் போய் ரிசார்ட்டில் தங்குவதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. திங்கட்கிழமை அதே இறக்கம்தானே.

இன்னொன்று, இது உங்கம்மாவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். எனக்கு டென்ஷன் என்றால் வீடே அடங்கிப் போகும். டிவி சத்தம் குறையும், நீ புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு திண்ணைக்குப் போவாய். அவளுக்கு அப்படி ஒன்று இருந்திருக்கும் என்று ரிட்டயர் ஆகிறவரை எனக்குத் தோன்றவே இல்லை. ஒரு டம்ளர் கழுவிவைத்ததில்லை. மாப்பிள்ளை என்னைவிட நல்லவர், ஆனால் கேட்டால்தான் செய்வார் போலிருக்கிறது. பாப்பாவைக் குளிப்பாட்டுவதும் டிபன் டப்பாவும் இனி உங்கள் வேலை என்று வாயைத் திறந்து சொல். கூச்சமாக இருந்தால் நான் சொல்கிறேன், மாமனார் சொன்னால் தட்டமாட்டார்.

இத்தனைக்கும் மேலே, ரெண்டு வாரமாகியும் தூக்கம் வராமல், சோறு இறங்காமல் இருந்தால் டாக்டரிடம் போ. 14416 என்று ஒரு நம்பர், பெரியாஸ்பத்திரி சுவரில் எழுதியிருந்ததைக் குறித்துக்கொண்டு வந்தேன். டெலி மானஸ் என்று பேர், மனக்கஷ்டத்தைப் போனிலேயே சொல்லி உதவி கேட்கிற இடம். 2022-இல் மத்திய சர்க்கார் ஆரம்பித்தது. காசு கிடையாது, ராத்திரியும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம். பைத்தியத்துக்குத்தான் டாக்டர் என்று உங்க பெரியப்பா சொல்வார். அவர் பேச்சை விடு.

தேங்காய் பத்து உரித்து வைத்திருக்கிறேன், புதன்கிழமை பஸ்ஸில் போட்டுவிடுகிறேன். அடுத்த ஞாயிறு உங்கம்மா போன் பண்ணுவாள். "சாப்டயா" என்று கேட்காதே என்று சொல்லிப் பார்த்தேன். "வேற என்னங்க கேக்கறது?" என்கிறாள்.

அன்புடன்,
அப்பா