குக்கர் விசில் என்று சொன்னது பொய்

திருவொற்றியூர், சென்னை

அன்புள்ள மகளுக்கு,

"என்னைக் கேட்டா பெற்றீர்கள்?" என்று ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்டாய். குக்கர் விசில் அடிக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் குக்கரே இல்லை.

கேட்கவில்லைதான், கண்ணு. நீ பிறந்த கோடையில் தெருக்குழாய் வறண்டு கிடந்தது. விடியற்காலையில் தண்ணீர் லாரி வரிசையில் குடத்தை வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அறிவைக் கேட்டிருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருக்கும். நீ படிக்கும் ஜெர்மன் தத்துவவாதி ஷோப்பன்ஹவரும் 1851இல் அதைத்தானே கேட்டார்? பிள்ளை பெறுவதை அறிவு மட்டுமே முடிவு செய்தால் மனித இனம் மிஞ்சியிருக்குமா என்று. நியாயமான கேள்வி. மறுக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

ஆனாலும் அந்த மனிதரை எனக்குப் பிடித்துவிட்டது. வாழ்க்கை என்பதே துன்பம் என்று எழுதியவர், நீ இருக்கும் அதே பிராங்பர்ட்டில் தினமும் புல்லாங்குழல் வாசித்தார். ஓட்டலில் வயிறாரச் சாப்பிட்டார். வளர்த்த நாய்க்கு 'ஆத்மா' என்று பெயர் வைத்தார். முகலாய இளவரசர் தாரா ஷிகோ பாரசீக மொழிக்குக் கொண்டுபோன உபநிடதங்கள் லத்தீன் வழியாக அவர் கைக்கு வந்தன. தன் வாழ்வின் ஆறுதல் அதுதான் என்றார். அவருக்கும் ஆறுதல் வேண்டியிருந்திருக்கிறது, பார்.

புறநானூறு 194ஆம் பாட்டில் ஒரு வீட்டில் சாப்பறை, இன்னொரு வீட்டில் மணமுழவு. இப்படிப் படைத்தவனைப் 'பண்பிலாளன்' என்றே திட்டிவிட்டுத்தான் "இன்னாது அம்ம இவ்வுலகம், இனிய காண்க" என்கிறார் பக்குடுக்கை நன்கணியார். எல்லோரும் 'இனிய காண்க'வைச் சொல்வார்கள். எனக்கு அந்தத் திட்டுதான் பிடிக்கும்.

உன்னிடம் சொல்லாத ஒன்று. அம்மாவை எரித்துவிட்டு வந்த அன்று எதிர்வீட்டு அக்கா சோறும் மிளகு ரசமும் கொண்டுவந்து வைத்தார். வேண்டாம் என்றேன். பிறகு சாப்பிட்டேன். இரண்டாம் முறையும் ரசம் ஊற்றிக்கொண்டேன். உப்பு கொஞ்சம் குறைவு என்றுகூடத் தோன்றியது. இரவு முழுவதும் வெட்கத்தில் தூங்கவில்லை. இப்போது அந்த வெட்கம் இல்லை. அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்காதே, எனக்குத் தெரியாது. மாலையில் பட்டினத்தார் சமாதிப் பக்கம் நடக்கும்போது அந்த ரசம்தான் நினைவுக்கு வருகிறது, அவர் பாட்டு வருவதில்லை.

நீ கேட்டதில் எனக்குக் கோபம் இல்லை. ஒன்றை மட்டும் சொல். புத்தகம் படித்துக் கேட்டாயா, தூக்கம் வராமல் கேட்டாயா? இரண்டாவது என்றால் அங்கே எந்த நேரமானாலும் கூப்பிடு. நானும் விழித்துத்தான் இருப்பேன்.

அப்பா